வேம், டிரைக்கோடெர்மா, மக்கிய குப்பை: உங்கள் காட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மஞ்சக்காட்டுக்காரன் (பவானி)

நாலு வருடமாக மனதிலேயே கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன். மஞ்சளுக்குக் கிழங்கு அழுகல் வரக்கூடாது என்று டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி 2 கிலோ வாங்கி, 100 கிலோ மக்கிய சாணக் குப்பையில் கலந்து, தண்ணீர் தெளித்து, வேப்ப மர நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தேன். பதினோராம் நாள் சாக்கைத் தூக்கினால் குப்பை முழுக்கப் பச்சை. மருதாணிப் பொடியைத் தூவி விட்டது போல. தொட்டால் விரலில் ஒட்டியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பூசணம் புடிச்ச குப்பையவா கண்ணு காட்டுக்குப் போடப்போற? கொண்டுபோய்க் கொட்டு" என்றார். எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. இரண்டு பேருமாகக் கூடையில் அள்ளி, வேலியோரத் தென்னை அடியில் கொட்டிவிட்டோம்.

ஐப்பசி மழையில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் மஞ்சள் தண்டு அடியில் கொழகொழத்துப் போனது. பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே அழுகிக் கிடக்கும். எதை வளர்க்க நினைத்தேனோ அதுதான் வளர்ந்திருக்கிறது என்று பிறகு ஒருவர் சொல்லித்தான் புரிந்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

தக்காளி நாற்று (தேன்கனிக்கோட்டை)

எனக்கு வேம், அதாவது செடியின் வேரோடு கூட்டுச் சேரும் பூஞ்சை. குழித்தட்டில் தக்காளி போடும்போது ஒவ்வொரு குழியிலும் விதைக்குக் கீழே ஒரு சிட்டிகை வைத்தேன். நடவன்று நாற்றை உருவினால் வேர்க்கட்டி உதிரவே இல்லை. வேம் போடாத தட்டு நாற்றில் மண் பொலபொலவென்று கொட்டியது. மாமனார் இரண்டையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாதாரணமாக எதையும் ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த பட்டத்தில் முட்டைக்கோஸ் ஒரு ஏக்கருக்கும் வாங்கிப் போட்டேன். துளி வித்தியாசம் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி என்று கடுகு குடும்பத்துப் பயிர்களோடு வேம் கூட்டுச் சேராதாம். பீட்ரூட்டும் அப்படித்தான். பயிர் பேரைச் சொல்லித்தான் வாங்கினேன். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் இன்னும் ஆறவில்லை.

கரிசல் மண் (அருப்புக்கோட்டை)

வேமை அப்படியே போட்டால் போதாது தம்பி, பெருக்கித்தான் விடவேண்டும். 200 லிட்டர் டிரம்மில் வேம் 5 கிலோ, வெல்லம் 2 கிலோ போட்டு ஏழு நாள் ஊறவைத்து மிளகாய்க்குச் சொட்டுநீரில் விட்டேன். டிரம்மைத் திறந்ததும் கள் வாசம் குப்பென்று அடித்தது, நுரை விளிம்பு வரைக்கும் நின்றது. செடி அருமையாக வந்தது. கோஸுக்கும் இப்படி விட்டிருந்தால் பலன் தெரிந்திருக்கும்.

வேரடி (திண்டுக்கல்)

என் கதை இரண்டு வரிதான். நிலக்கடலை விதைக்குக் கார்பன்டசிம் கலந்த கையோடு டிரைக்கோடெர்மாவையும் கலந்தேன். பூஞ்சைக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் கிடையாது. வேரழுகலில் செடிகள் திட்டுத் திட்டாகக் காய்ந்தன.

கரிசல் மண் அண்ணா, உங்கள் மிளகாய் நன்றாக வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் நுரைத்தது வேம் இல்லை, வெல்லத்தில் வளர்ந்த ஈஸ்டும் மற்ற நுண்ணுயிர்களும். வேம் உயிருள்ள வேருக்குள் போனால்தான் பெருகும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும், அது மெல்லிய இழைகளை விட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் கொண்டுவரும். 1885-இல் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பேர் வைத்தார். பூஞ்சையும் வேரும் சேர்ந்த பேர் அது.

பெருக்கத்தான் வேண்டும் என்றால், சுத்தமான மணலும் மண்ணும் கலந்த தொட்டியில் வேம் போட்டு அதன்மேல் சோளமோ மக்காச்சோளமோ விதையுங்கள். இரண்டு மாதம் வளரவிட்டு, மேல்தட்டையை அறுத்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி, வேரைப் பொடியாக நறுக்கி அந்த மண்ணோடு கலந்தால் அதுதான் உங்கள் வேம். அதை வேரில் படுகிற மாதிரி விதைக்கும் நாற்றுக்கும் அடியில் வையுங்கள், இலையில் தெளிப்பது வீண். டிஏபி உரத்தை மூட்டை மூட்டையாகப் போடுகிற நிலத்திலும் பலன் தெரியாது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி இதைச் சேர்த்துக்கொள்வதில்லை. டிரைக்கோடெர்மா வேறு வகை, அது சாணக் குப்பையிலேயே பெருகும்.

பவானிக்காரருக்கும் ஒரு கேள்வி. பச்சையாக இருப்பதெல்லாம் டிரைக்கோடெர்மா ஆகாது, பச்சை நிறப் பூசணங்கள் வேறு எத்தனையோ இருக்கின்றன. முதலில் வெள்ளையாகப் படர்ந்து பிறகு பச்சையானதா? என்ன வாசம் வந்தது? விரிடியில் தேங்காய் வாசம் வருவதுண்டு.

நார்த்தூள் (பொள்ளாச்சி)

இங்கே எல்லாரும் கடையில் வாங்கிய பொடியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் காளான். மக்காத தென்னை நார்த்தூளை ஒரு வருடம் தக்காளிக்குப் போட்டு, செடி மொத்தமும் வெளுத்துப் போய், கடன்பட்டேன். தூளை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டன.

அடுத்த வருடம் 1 டன் தூளுக்கு யூரியா 5 கிலோ, சிப்பிக்காளான் வித்து 5 புட்டி என்று அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். ஒரு மாதம் இருக்கும். விடிகாலையில் சின்ன மகள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். குவியலின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் காளான், காது மடல் மாதிரி அடுக்கி நின்றது. சிவப்பாக இருந்த தூள் அதன் அடியில் கறுத்திருந்தது. அந்தத் தூளைக் கையில் எடுத்துப் பிழிந்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மஞ்சக்காட்டுக்காரன் (பவானி)

வேரடி, நீங்கள் கேட்டபிறகு நேற்று அம்மாவிடம் பேசினேன். ஆறாம் நாள் தண்ணீர் தெளிக்கச் சாக்கை விலக்கியது அவர்தான். அன்று வெள்ளையாக, சிலந்தி வலை மாதிரி இருந்தது என்கிறார்.

வாசம் எனக்கே நினைவிருக்கிறது. கூடையில் அள்ளும்போது கொப்பரை வாசம் அடித்தது. கொட்டிய இடம் தென்னை அடி, அதனால் மட்டையோ குரும்பையோ மக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாசம் வேப்ப மரத்தடியிலேயே, முதல் கூடை அள்ளும்போதே வந்தது.