காங்கேயம், தாராபுரம் பக்கம் 18 தாண்டின ஆட்டிசம் பசங்களுக்கு என்ன வசதி இருக்குதுங்க?

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அக்கா பையனுக்கு ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடும் இருக்குது, வர்ற தை மாசம் 18 முடியுதுங்க. இத்தன நாளா ஸ்கூல்ல ஸ்பெஷல் டீச்சர் பாத்துக்கிட்டாங்க, இனிமே பகல்ல அவன் எங்க இருப்பான், என்ன பண்ணுவான்னு நெனச்சு நெனச்சு அக்காளுக்குத் தூக்கமே இல்லீங்க.

யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்குது, உதவித்தொகையும் வருது. நிராமயாங்கற, இந்த மாதிரி பசங்களுக்கான அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ்ல வருசத்துக்கு 1 லட்சம் வரைக்கும் உண்டு, தெரபிக்கும் ஆகும், இது நெறையப் பேத்துக்குத் தெரியவே மாட்டீங்குது, போடாதவங்க தயவு செஞ்சு போட்டுருங்க.

18க்கு மேல பெத்தவங்களே கார்டியன்னு ஆர்டர் வாங்கணும்னா கலெக்டர் தலைமைல இருக்கற கமிட்டிக்கு மனு குடுக்கணுமாமா, 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல வருதுங்க. திருப்பூர் மாவட்டத்துல யாராச்சும் வாங்கியிருந்தா என்னென்ன பேப்பர் கேட்டாங்கன்னு சொல்லுங்க.

பெரிய கஷ்டம் என்னன்னா ஸ்பீச் தெரபி ஒரு ஊரு, டாக்டர் கோயமுத்தூரு, ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குத் தெரியாது, நடுவுல அக்காதான் ஃபைலத் தூக்கிட்டு அலையுது. இதையெல்லாம் சேத்துப் பாக்கறதுக்கு ஒரு ஆளு, ஒரு எடம் இருக்குதுங்களா?

பையன் தேங்கா களத்துல பருப்பு தரம் பிரிக்கறதுல அவ்வளவு சுத்தமுங்க, பக்கத்துல ஒருத்தர் நின்னாப் போதும். அரை நாள் வேலை குடுக்கறவங்க, தொழில் பயிற்சி நடத்தறவங்க இருந்தா கமெண்ட்ல போடுங்க, எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்டா எழுதி நானே இங்க போட்டர்றேன்.