குவில்ட் தைக்கும்போது அடித்துணி சுருங்குகிறது, என்ன செய்வது?

வீட்டுத் தையல் மெஷினில் முதல் தடவையாகக் குவில்ட், அதாவது மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்கிறேன். ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மேலே பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அழுகை வருகிறது! இரண்டு தையல் குறுக்கே வெட்டும் இடமெல்லாம் அடித்துணி மடிந்து, மடிப்போடு சேர்ந்தே தைபட்டிருக்கிறது. நேற்று ஒரு வரிசையைப் பிரிக்கவே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

அடித்துணியைத் தரையில் விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டி, மற்ற இரண்டையும் மேலே பரப்பி ஊக்கு குத்தினேன். 8 அங்குலத்துக்கு ஒன்று. 4 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும் என்று அப்புறம்தான் படித்தேன். சோம்பலுக்குக் கிடைத்த தண்டனையோ என்னவோ. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித்தான் தைக்கிறேன், தையல் நீளம் 3 மி.மீ.

மெஷினின் பற்கள் கீழ்த்துணியை மட்டும் இழுக்க, மேலே பாதம் அழுத்திப் பிடிப்பதால் அடுக்குகள் நகர்கின்றன என்பது புரிகிறது. அதற்கு, மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதம்தான் ஒரே வழியா? இல்லை, பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, ஊக்குகளை நெருக்கிக் குத்தினால் சமாளிக்கலாமா? ஊக்குக்குப் பதிலாகக் கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இன்னொன்று. பாதிக் குவில்ட் முடிந்துவிட்டது. தைத்த வரிகளை அப்படியே விட்டுவிட்டு மீதிக்கு மட்டும் ஊக்கு மாற்றலாமா, இல்லை முழுவதையும் பிரித்தே ஆக வேண்டுமா? பிரிக்கச் சொல்பவர்கள் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.