அம்மை எத்தனை நாள் ஒட்டும்? உங்கள் வீட்டு அனுபவம் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தங்கச்சிமடம், நர்சிங் கடைசி வருடம் படிக்கிறேன். சின்னம்மை வந்தவரிடமிருந்து எத்தனை நாள் தொற்றும் என்பதை நம் கடற்கரை ஊர்களில் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறேன்.

கொப்புளம் தெரிவதற்கு 1-2 நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை ஒட்டும். கொப்புளம் தெரிந்த நாளிலிருந்து பெரும்பாலும் 5 முதல் 7 நாள். ஒட்டியவருக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும்.

போன மாதம் என் தம்பிக்கு வந்தது. ஐந்தாம் நாள் முகத்தில் எல்லாம் காய்ந்து கறுத்துவிட, சரி, தொழிலுக்குப் போகலாம் என்றார் அப்பா. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் இரண்டு கொப்புளம் நீர் கோத்து மினுங்குகிறது. நிறுத்திவிட்டோம். அதே வள்ளத்தில் வருபவரின் மனைவி நிறைமாதம். கர்ப்பிணிக்கும் பச்சைக்குழந்தைக்கும் இது ஆபத்து, அதனால்தான் அவ்வளவு பதறினேன்.

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் உள்ளவர்கள் உதவுங்கள். முதல் கொப்புளம் கண்ட நாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள், வீட்டில் அடுத்தவருக்கு வந்த நாள், இவ்வளவு போதும். காலண்டரில் குறித்திருந்தால் ரொம்ப நல்லது. தண்ணீர் ஊற்றிய அன்று காயாத கொப்புளம் இருந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம். அம்மாக்களிடம், அப்பத்தாக்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். தனிச்செய்தியிலும் அனுப்பலாம்.