டமாஸ்கஸ் எஃகு: வரியெஃகா, அடுக்கெஃகா?

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கைவினைக் கத்திகளுக்கான சொற்பட்டியலில் அலகு, முதுகு, வாய், பிடி, பூண் வரை சிக்கல் இல்லை. கொல்லர் பட்டறையில் புழங்கும் சொற்களே போதும். முட்டிக்கொண்டு நிற்பது 'டமாஸ்கஸ்', அதாவது மேற்பரப்பில் வரிவரியாகக் கோலம் தெரியும் எஃகு. இந்த ஒரு பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்பனையாகின்றன.

ஒன்று, இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் பற்றவைத்து, நீட்டி, வெட்டி மீண்டும் அடுக்குவது. இன்னொன்று, இரும்பையும் கரிப்பொருளையும் மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) இட்டு மூடி உருக்கி, மெல்ல ஆறவிட்டு எடுக்கும் கட்டி. பின்னதுதான் ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதிய தென்னிந்திய எஃகு. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஆய்வுரை அளித்தது அதைப் பற்றியே.

இரண்டுக்கும் பொதுவாக 'வரியெஃகு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. வாங்குபவர் கண் முதலில் போவது வரியின் மேல்தான். விருப்பங்கள் பிரிவதும் அங்கேதான். ஒருவருக்கு 50 அடுக்கில் பட்டையாக ஓடும் வரி வேண்டும். மற்றவருக்கு 300 அடுக்குக்கு மேல் மயிரிழை போலத் தெரிய வேண்டும். வேறு சிலருக்கு வரியே ஆகாது, சாணையின் கோடு கூடத் தெரியாத வெற்று அலகு போதும்.

மடல் 2

> இரண்டுக்கும் பொதுவாக 'வரியெஃகு'

ஐயா, இதை ஏற்க முடியவில்லை. வரி போலியாகவும் வரும். சாதாரணத் துருப்பிடிக்காத எஃகின் மேல் அமிலத்தாலோ லேசராலோ கோடு வரைந்து 'டமாஸ்கஸ்' என்று விற்கிறார்கள். சோதிப்பது எளிது. ஒரு மூலையில் 400ஆம் எண் உப்புத்தாளால் வரி மறையும்வரை தேயுங்கள். அந்த இடத்தை ஃபெரிக் குளோரைடு கரைசலில், ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு நீர் கலந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் நனையவிடுங்கள். உண்மையானதில் வரி திரும்ப எழும். போலியில் எழாது. தோற்றத்தை வைத்துப் பெயரிட்டால் அந்தப் போலியும் 'வரியெஃகு' ஆகிவிடும். செய்முறையை வைத்துப் பெயரிடுவோம்.

அடுக்குவதில் இன்று பரவலாக உள்ள இணை 1084, 15என்20 என்ற இரண்டு எஃகு வகைகள். பின்னதில் ஏறத்தாழ 2 விழுக்காடு நிக்கல் இருப்பதால் அமிலத்தில் வெள்ளையாக நிற்கும், முன்னது கறுக்கும். ஏழு தகடும் ஆறு தகடும் மாற்றி வைத்தால் 13 அடுக்கு. நீட்டி ஐந்தாக வெட்டி அடுக்கினால் 65, இன்னொரு முறை செய்தால் 325. அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தலைமைக் கொல்லர் தேர்வுக் கத்திக்குக் குறைந்தது 300 அடுக்கு கேட்கிறார்கள்.

'கடின அடுக்கு வெட்டும், மென் அடுக்கு தாங்கும்' என்று விளம்பரங்களில் வருவதைப் பட்டியலின் விளக்கத்தில் சேர்க்க வேண்டாம். பற்றவைக்கும் சூட்டில் கரிமம் அடுக்குக்கு அடுக்கு ஊர்ந்து சமமாகிவிடும். நன்றாகத் தோய்ச்சல் (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குதல்) போட்ட வெற்று 1084 அலகும் இதே அளவு வெட்டும். வரி அழகுக்காகத்தான். அதில் குறையொன்றும் இல்லை.

என் முன்மொழிவு: முதலாவது அடுக்குருக்கு, இரண்டாவது மூசையுருக்கு.

மடல் 3

'மூசையுருக்கு' மிகப் பொருத்தம். வெறும் 'உருக்கு' என்றால் சேலம் உருக்காலைதான் நினைவுக்கு வரும், ஆகவே மூசை கட்டாயம் வேண்டும். ஆனால் 'அடுக்குருக்கு' நாக்கிலும் இடறுகிறது, பொருளிலும் இடறுகிறது. உருக்கு என்பதற்குள் உருகுதல் இருக்கிறது. அடுக்கும் வேலையில் எஃகு உருகவே கூடாது. சுமார் 1,200 டிகிரியில், மேலே தூவிய வெங்காரம் (போராக்ஸ்) கொதித்து மஞ்சள் ஒளி வரும்போது சம்மட்டி விழ வேண்டும். முதல் அடிகள் மெதுவாக, ஒட்டு பிடிக்கும் அளவுக்கு மட்டும். ஓங்கி அடித்தால் தகடுகள் வழுக்கி விலகும். தகட்டின் மேல் சூட்டில் படியும் செதிலைத் தேய்த்து எடுக்காமல் அடுக்கினாலும், சூடு குறைந்தாலும், உள்ளே ஒட்டாத திட்டு தங்கி, தோய்ச்சல் போடும்போது வாயில் பிளவாகத் தெரியும்.

மூசையுருக்கின் பிறப்பே உருகுவதில்தான். சுமார் ஒன்றரை விழுக்காடு கரிமம் உள்ள அந்தக் கட்டியை மேலே சொன்ன மஞ்சள் சூட்டுக்குக் கொண்டுபோனால் வரி கரைந்து மறையும், அடித்தால் நொறுங்கவும் செய்யும். செஞ்சூட்டில் பொறுமையாக அடித்தே நீட்ட வேண்டும். ஒன்றுக்கு உயிரான சூடு மற்றதைக் கெடுக்கிறது. பெயரிலும் அந்த வேறுபாடு தெரியட்டும்: உருகாததற்கு அடுக்கெஃகு, உருகியதற்கு மூசையுருக்கு.

'வரி'யைக் கைவிட வேண்டாம், கோலங்களின் பெயருக்கு வைத்துக்கொள்வோம். இருபுறமும் மாற்றி மாற்றிக் குறுக்கே பள்ளம் அரைத்துத் தட்டையாக அடித்தால் வருவது ஏணிவரி. ஆழமில்லாத குழிகள் துளைத்து அடித்தால் துளிவரி. கம்பியாக முறுக்கி அடித்தால் முறுக்குவரி. மூசையுருக்கின் மேல் தானாக எழுவதை இவற்றோடு சேர்க்க மனம் வரவில்லை. முத்துக்கும் மணிக்கும் சொல்லும் 'நீரோட்டம்' அதற்கு அப்படியே பொருந்துகிறது.

மடல் 4

> உருகாததற்கு அடுக்கெஃகு

ஏற்கிறேன். ஓர் ஐயம். ஜப்பானியச் சமையல் கத்திகளில் நடுவில் கடின எஃகும் இருபுறம் மென்தகடுமாக மூன்றே அடுக்கு வருமே, அதுவும் அடுக்கெஃகா? அங்கே வெட்டும் வாய் முழுக்க நடுத்தகடுதான். கோணம் தப்பி அரைத்து வாய் ஒருபக்கம் ஒதுங்கினால் மென்தகடு வாய்க்கு வந்து கூர் நிற்காது. அடுக்கெஃகில் இந்தக் கவலை இல்லை. எனவே அதற்குத் தனியே 'பொதியலகு' என்று வைக்கலாம்.

மடல் 1 எழுதியவர்

'வரியெஃகு' முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். உருகுவது, உருகாதது என்ற வேறுபாடு எனக்குத் தோன்றவில்லை. அடுக்கெஃகு, மூசையுருக்கு, பொதியலகு, நீரோட்டம், மூன்று வரிப்பெயர்கள் ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். மீதி இருப்பது அடுக்குகள் பிரிந்துபோகும் குறைக்கான சொல். 'அடுக்குப் பிரிகை' என்று எழுதி வைத்திருந்தேன், அடித்துவிட்டேன். பேச்சில் உள்ள 'ஒட்டு விடுதல்' போதும். எடுத்துக்காட்டு வரி: "பூணுக்கு அருகே ஒட்டு விட்டிருக்கிறது, இந்த அலகுக்குப் பிடி போடாதே."