புதிய காவலர்களுக்குச் சட்டமும் நெறிமுறையும்: பயிற்சிப் பள்ளியில் படிப்பது பணியில் எவ்வளவு தூரம் கூட வரும்?

கேள்வி: கரிசல் மைந்தன்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய தேர்வில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி, பயிற்சிப் பள்ளியில் சேரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன். ஓட்டமும் கயிறு ஏறுதலும் எனக்குப் பழகிவிட்டன. அவுட்டோர் பயிற்சியைப் பற்றி அச்சமில்லை. சட்ட வகுப்புகளைப் பற்றித்தான் சில ஐயங்கள் உள்ளன.

உறவினர் ஒருவர் தாம் பயிற்சியில் படித்த புத்தகங்களைக் கொடுத்தார். அவை அனைத்தும் இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் இருக்கும்போது பழையவற்றைப் படிப்பதில் பயன் உண்டா?

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமானது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது நான் பள்ளி மாணவன். எங்கள் ஊரிலிருந்து அது அதிகத் தூரமில்லை. வேலை கிடைத்த செய்தியைச் சொன்னவுடன் என் தாயார் மகிழ்ந்தார், அடுத்த நாள், "யாரையும் அடிக்கச் சொன்னால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படிவதுதான் இந்தப் பணியின் அடிப்படை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சட்டத்துக்குப் புறம்பான உத்தரவு வந்தால் கடைநிலையில் இருக்கும் ஒரு காவலர் எங்கே நிற்பார் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற சட்டப் போதகர்

தம்பி, வாழ்த்துகள். உதவி ஆய்வாளராகப் பணியாற்றியபோது சில ஆண்டுகள் பயிற்சிப் பள்ளியில் சட்டம் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பழைய புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டாம். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்றும் இந்தியத் தண்டனைச் சட்டம்தான் பொருந்தும்; அந்த வழக்குகள் நீதிமன்றங்களில் இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். நிலையத்தில் ஏட்டும் ரைட்டரும் "161 வாக்குமூலம்" என்றுதான் இப்போதும் சொல்வார்கள். சாட்சியை விசாரித்துப் பதியும் அந்த வாக்குமூலம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கைக்கான 154 இப்போது 173. பிடியாணை இல்லாமல் கைது செய்யும் 41 இப்போது 35. இரண்டு எண்களும் தெரிந்தவர்தான் நிலையத்தில் பயன்படுவார்.

ஆனால் எண்களை மனப்பாடம் செய்வது மட்டும் போதாது. விடியற்காலையில் கவாத்து, அதன்பின் ஓட்டம், பிறகு சாப்பாடு, அதற்குப் பின் இன்டோர் வகுப்பு என்று நாள் நகரும்போது, பிற்பகலில் கண் சொருகாத பயிற்சிக் காவலரை நான் அதிகம் கண்டதில்லை. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பிரிவு எண்களை உருப்போட்டு எழுதித் தேறிவிடுவார்கள். ஒரு காவலருக்கு எந்தப் பிரிவு நேரடியாகக் கடமை விதிக்கிறது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. கொலைக்கு எந்தப் பிரிவு என்று தெரிந்த அளவுக்கு, தன்னுடைய பொறுப்புக்கு எந்தப் பிரிவு என்று தெரிவதில்லை.

இதே புதிய நடைமுறைச் சட்டத்தின் மூன்று பிரிவுகளை நீ பள்ளியில் சேரும் முன்பே படித்துவிடு. முதலாவது 36. கைது செய்பவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிய வேண்டும். கைதுக் குறிப்பாணை தயாரித்து, குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த 11 நெறிமுறைகளில் சில பின்னர் சட்டத்திலேயே இடம் பெற்றன; இது அவற்றில் ஒன்று.

இரண்டாவது 55. தன் முன்னிலையில் அல்லாமல், பிடியாணை இன்றி ஒருவரைக் கைது செய்து வரும்படி நிலைய அலுவலர் தமக்குக் கீழ் உள்ளவரை அனுப்பினால், யாரை, எந்தக் குற்றத்துக்காகக் கைது செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். "போய் அவனைத் தூக்கிக்கொண்டு வா" என்ற வாய்மொழி உத்தரவு இந்தப் பிரிவின் முன் நிற்காது.

மூன்றாவது 56. காவலில் இருப்பவரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் கடமையை, அவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் மீது இது சுமத்துகிறது. ஆய்வாளர் என்றோ உதவி ஆய்வாளர் என்றோ அங்கே எழுதவில்லை. பாராவில் (நிலையத்தின் காவல் பணியில்) நிற்கும் இரண்டாம் நிலைக் காவலரும் அந்தச் சொற்களுக்குள் வந்துவிடுகிறார்.

பதில் 2: மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்

போதகர் ஐயா கூறியவற்றுடன் உடன்படுகிறேன். உத்தரவு பற்றிய கேள்விக்குச் சட்டத்தின் பதிலை நான் சேர்க்கிறேன்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 76, சட்டத்தால் கட்டுண்டு ஒரு செயலைச் செய்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. மேலதிகாரியின் ஆணைப்படி கூட்டத்தின் மீது சுடும் படைவீரர் குற்றம் செய்தவர் ஆகமாட்டார் என்று அதன் விளக்கம் சொல்கிறது. ஆனால் அந்த ஆணை "சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க" இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதே வரியில் இருக்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். வாக்குமூலம் வாங்குவதற்காக ஒருவரைக் காயப்படுத்தினால் 120ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறை. கொடுங்காயம் என்றால் 10 ஆண்டுகள் வரை. அடிக்கச் சொன்னவருக்கும் அடித்தவருக்கும் குற்றவாளிக் கூண்டு ஒன்றுதான். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979இல் ஏற்ற, சட்ட அமலாக்க அலுவலர்களுக்கான நடத்தை நெறியின் 5ஆம் கூறும், சித்திரவதைக்கு மேலதிகாரியின் உத்தரவு நியாயமாகாது என்றே கூறுகிறது.

இனி, வகுப்பறைகளில் போதிய அழுத்தம் பெறாத ஒன்று. காவல் அலுவலரிடம் அளிக்கும் குற்ற ஒப்புதல் சான்றாகாது என்று புதிய சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23ஆம் பிரிவு சொல்வதை எல்லோரும் படிக்கிறார்கள். அப்படியானால் அடிப்பதால் வழக்குக்கு ஒரு பயனும் இல்லை என்று போதகர்கள் முடித்துவிடுகிறார்கள். நடைமுறையில் ஆசை வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. அதே பிரிவின் காப்புரையின்படி, காவலில் இருப்பவர் சொன்ன தகவலின் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதியை மெய்ப்பிக்கலாம். பழைய சட்டத்தில் இது 27ஆம் பிரிவு. "27 ரெகவரி" என்பது நிலையங்களில் அன்றாடப் பேச்சு. நகை எங்கே, கத்தி எங்கே என்ற கேள்விக்கு விடை வாங்கும் அவசரத்தில்தான் பெரும்பாலான அத்துமீறல் தொடங்குகிறது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி இறந்ததும் நகை காணாமற்போன புகாரைத் தொடர்ந்த விசாரணையில்தான். ஆகவே, "ஒப்புதல் செல்லாது" என்று கற்பிப்பதோடு நிறுத்தாமல், வற்புறுத்திப் பெற்ற தகவல் அரசமைப்பின் 20(3)ஆம் உறுப்பால் தடுக்கப்படும் என்பதையும், நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி தேடுதலையும் கைப்பற்றுதலையும், இயன்றவரை கைப்பேசியில், ஒளிப்பதிவு செய்வது இப்போது கட்டாயம் என்பதையும் பயிற்சியில் செய்து காட்ட வேண்டும். பதிவு இல்லாத மகஜரை (கைப்பற்றியதற்கான சாட்சிக் குறிப்பை)க் குறுக்கு விசாரணையில் உடைப்பது எங்களுக்குக் கடினமான வேலை அல்ல.

பதில் 3: மகளிர் காவல் நிலையத் தலைமைக் காவலர்

தம்பிக்கு வணக்கம். மேலே இருவரும் எழுதியது அனைத்தும் சரி. ஆனால் நீங்கள் பயிற்சி முடித்தவுடன் காவல் நிலையத்துக்கு வரப்போவதில்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. முதலில் பட்டாலியனுக்கோ ஆயுதப்படைக்கோ அனுப்புவார்கள். பந்தோபஸ்து, கைதி வழிக்காவல், முக்கியப் பிரமுகர் பாதுகாப்பு என்று ஆண்டுகள் ஓடும். அதன் பிறகுதான் தாலுகா காவல் நிலையத்துக்கு மாறுவீர்கள். பயிற்சிப் பள்ளியில் படித்த கைதுச் சட்டத்தை அதற்குள் மறந்துவிட்டு, நிலையத்தில் மூத்தவர் எப்படிச் செய்கிறாரோ அதையே சட்டம் என்று கற்றுக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் கருத்தில் நம் அடிப்படைப் பயிற்சியின் பெரிய குறை பாடத்திட்டத்தில் இல்லை. கற்பதற்கும் கையாள்வதற்கும் இடையே விழும் இந்த இடைவெளியில் இருக்கிறது. நிலையத்துக்கு மாறும் ஒவ்வொரு காவலருக்கும் அந்த வாரத்திலேயே சட்ட வகுப்பை மீண்டும் நடத்த வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆயுதப்படையில் இருக்கும்போதும் சட்டம் உங்களோடுதான் வரும். வழிக்காவலில் கைதிக்கு விலங்கு போடுவது இயல்பான செயல் அல்ல என்று 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 43(3) வழக்கமான குற்றவாளிகள், காவலிலிருந்து தப்பியவர்கள், குறிப்பிட்ட வகைக் குற்றங்களைச் செய்தவர்கள் ஆகியோருக்கு மட்டுமே, அதுவும் குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் கருதி, அதை அனுமதிக்கிறது. கூட்டத்தைக் கலைக்கும் உத்தரவையும் காவலர் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. 148ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவரோ நிலையப் பொறுப்பு அலுவலரோ, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவரோ ஆணையிட வேண்டும்.

என் நிலையத்தில் நெறிமுறை என்பது பெரும்பாலும் சிறு செயல்களில்தான் தெரியும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, குழந்தையிடம் வாக்குமூலம் பதியும் அலுவலர் சீருடையில் இருக்கக்கூடாது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். எக்காரணத்தாலும் இரவில் குழந்தையை நிலையத்தில் வைக்கக்கூடாது. ஒரு சிறுமி முதல்முறை பேச வரும்போது நிலைய வாசலில் நிற்கும் காவலர் எந்தக் குரலில், "என்ன?" என்று கேட்கிறார் என்பதிலேயே அவள் பேசுவாளா, மாட்டாளா என்பது பாதி முடிவாகிவிடும். அதேபோல, பால்புதுமையினரை (LGBTQIA+ சமூகத்தினரை)த் துன்புறுத்தக்கூடாது என்று நம் சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி 2022இல் சேர்க்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த உத்தரவுகளின் விளைவு அது. ஊரை விட்டு வந்த பெண்கள் இருவரைக் "காணவில்லை" என்ற புகாரின்பேரில் எப்படி நடத்த வேண்டும் என்பது நாளை உங்கள் முன் வரக்கூடிய கேள்வி.

கரிசல் மைந்தன்

மூவருக்கும் நன்றி. தலைமைக் காவலர் அம்மா சொன்ன இடைவெளியைப் பற்றி நான் எண்ணியதே இல்லை. ஒரு விளக்கம் மட்டும் வேண்டும். நான் பாராவில் நிற்கும்போது எந்தப் பதிவும் இல்லாமல் ஒருவரை இரவில் கொண்டுவந்து உட்காரவைத்து, "எழுதாதே" என்று சொன்னால், போதகர் ஐயா கூறியபடி 56ஆம் பிரிவைச் சொல்லி நான் மறுக்க முடியுமா?

பதில் 4: ஓய்வுபெற்ற சட்டப் போதகர்

முடியும். பாரா மாறும்போது லாக்கப்பில் எத்தனை பேர், ஆயுதங்கள் எத்தனை என்று சரிபார்த்துப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறாய். உண்மையில் இருப்பவரைக் கணக்கில் காட்டாமல் கையெழுத்திட்டால், அந்தப் பொய்யின் பொறுப்பு உன்னுடையது. கண்ணில் பட்டதை எழுதுவது உன் கடமை.

பதில் 5: மகளிர் காவல் நிலையத் தலைமைக் காவலர்

ஐயா, மன்னிக்க வேண்டும். இதில் நான் சற்று மாறுபடுகிறேன். நிலையத்துக்கு வந்து சில மாதங்களே ஆன காவலர், நள்ளிரவில், ஆய்வாளரின் முகத்துக்கு நேரே பிரிவு எண்ணைச் சொல்லி மறுப்பார் என்று எதிர்பார்ப்பது அவரைத் தனியாக நிறுத்துவதாகும். தகுதிகாண் பருவம், விடுப்பு, மாறுதல் எல்லாம் அதே அலுவலகங்களின் கையில் இருக்கின்றன. நான் இளையவர்களுக்குச் சொல்லும் வழி இது: முதலில், "ஐயா, யார் என்று எழுதட்டுமா, வந்த நேரம் என்ன போடட்டும்?" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலான வேளைகளில் அந்தக் கேள்வியே போதுமானது. பதிவாகப் போகிறது என்று தெரிந்தவுடன் குரல்கள் தாழ்ந்துவிடும். எழுதாதே என்றால், இரவு ரோந்து அலுவலருக்கோ கட்டுப்பாட்டு அறைக்கோ சொல்லுங்கள். உட்கார்ந்திருப்பவர் மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ யாரிடமும் அனுமதி கேட்காமல் 108ஐ அழையுங்கள். அதற்காக உங்களைத் தண்டித்தால் அந்தத் தண்டனை எந்த மேல்முறையீட்டிலும் நிற்காது.

பதில் 6: மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்

தலைமைக் காவலர் அம்மையார் கூறும் வழி நடைமுறைக்கு ஏற்றது. சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. காவலில் ஒருவர் இறந்தால் நடைமுறைச் சட்டத்தின் 196ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் விசாரிப்பார். அவர் முதலில் கேட்பது பணிப் பட்டியல், பொது நாட்குறிப்பு, கண்காணிப்புக் கேமரா பதிவு ஆகியவற்றைத்தான். நிலையங்களில் கேமரா பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாத்தான்குளத்தில் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக நடுவர் அறிக்கை கூறியது. ஆயினும் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை நடுவரிடம் சொன்னார். அவர் அச்சத்தோடுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

படிப்பு பற்றிக் கேட்டதற்கு ஒரு சொல்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 5ஆம் அத்தியாயம், 35 முதல் 62 வரை, முழுவதும் கைது பற்றியது. உரைநூல் எதுவும் வேண்டாம். மூலச் சட்டத்தையே பள்ளி தொடங்கும் முன் ஒருமுறையும், ஆயுதப்படையிலிருந்து நிலையத்துக்கு மாறுதல் ஆணை வரும் நாளில் இன்னொரு முறையும் படித்துவிடுங்கள்.