கரடிக் கரைக்கு .44 மேக்னம்: 629-ஆ, ரெட்ஹாக்கா?

அலாஸ்காவின் ஆங்கரேஜில் இருக்கிறேன். ஜூலையில் கீனாய் ஆற்றில் சால்மன் பிடிக்கப் போகிறேன். பழுப்புக் கரடி நடமாடும் கரை. கரடி ஸ்பிரே எப்போதும் கையோடு உண்டு, அது வேறு. கூடவே வைத்துக்கொள்ள ஒரு டபுள் ஆக்‌ஷன் (ட்ரிகரை இழுத்தாலே சுத்தியலும் பின்வாங்கிச் சுடும்) ரிவால்வரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் மூன்று மாதமாகத் தவிக்கிறேன்.

சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து, குட்டைக் குழலில் .454 கேசுல் (.44 மேக்னத்தைவிட வலுவான தோட்டா) சுட்டேன். இரண்டாவது தோட்டாவிலேயே கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்துவிட்டது. சரி, அது வேண்டாம். அதே இடத்தில் .44 மேக்னம் தாங்க முடிந்தது. ஆனால் சுத்தியலை இழுத்து வைக்காமல் நேரே ட்ரிகரை இழுத்தால் குறி இடப்பக்கம் போகிறது. என் கை சின்னது. பழக, அதே துப்பாக்கியில் சுடக்கூடிய, உதைப்பு குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டா வாங்கியிருக்கிறேன்.

மீதமிருப்பவை இரண்டு, இரண்டுமே ஆறு தோட்டா: 4 அங்குல ஸ்மித் அண்ட் வெஸன் 629, சுமார் 1.2 கிலோ, 4.2 அங்குல ரூகர் ரெட்ஹாக், சுமார் 1.3 கிலோ. மார்பு உறையில் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

சின்னக் கைக்கு, டபுள் ஆக்‌ஷனில் வேகமாகச் சுட, இந்த இரண்டில் எது?