திமிங்கிலக் கவிதைக்கு மீட்டர் கணக்கு எதற்கு?

மாரிக்காற்று: "பெரிய பொருளைப் பற்றிப் புதுக்கவிதை எழுதும் குழந்தை முதலில் அதன் அளவை எழுத வேண்டும்" என்கிறார் 'வகுப்பறை' என்ற பெயரில் இங்கே எழுதும் ஆசிரியர். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நீலத்திமிங்கிலம் 30 மீட்டர் என்பது பாடப்புத்தக வரி. நாலாக உடைத்துப் போட்டால் கவிதையா?

வகுப்பறை: அளவு சொல்லாமல் விட்டுப் பாருங்கள். யானையானாலும் கப்பலானாலும் "மிகப் பெரியது, பிரம்மாண்டமானது" என்றுதான் எழுதுவார்கள். நான் மைதானத்தில் 30 மீட்டர் கயிற்றை நீட்டிப் பிள்ளைகளை அதன்மேல் நடக்கவிட்டேன். ஒரு பெண் எழுதினாள்:

வாலில் நிற்கிறேன்
தலையில் நிற்பவள்
சிரிக்கிறாளா அழுகிறாளா
தெரியவில்லை

மாரிக்காற்று: அருமையான வரிகள். இதில் 30 எங்கே? மீட்டர் எங்கே? என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

வகுப்பறை: கயிறு 30 மீட்டர். அது இல்லாமல் அந்த வரி வந்திருக்காது.

கடலோடி: எல்லா நீலத்திமிங்கிலமும் 30 மீட்டர் வளராது. மிகப் பெரியவைதான் அந்த அளவை எட்டும். பிள்ளைகளிடம் பொதுவாக 30 என்று சொல்லாதீர்கள்.

யாப்புநேசன்: எதுகை, மோனை பழகாத பிள்ளையை வரி உடைக்கச் சொல்வதே தவறு. "நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று நீரினும் ஆரளவின்றே" என்கிறது குறுந்தொகை. அதில் மீட்டரா இருக்கிறது?

வகுப்பறை: நிலம், வானம், கடல் மூன்றையும் பக்கத்தில் வைத்துத்தானே அந்தப் பாட்டு நட்பை அளக்கிறது?

மாரிக்காற்று: பக்கத்தில் வைக்கிறது, எண் போடவில்லை. யாப்பு ஐயா, நீங்கள் என் பக்கம் சேர வேண்டாம். வெண்பா பற்றிய போன விவாதத்தில் புதுக்கவிதையை "மடக்கிப் போட்ட உரைநடை" என்றீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

யாப்புநேசன்: இன்றும் அதையேதான் சொல்கிறேன். கோபம் வந்தால் நான் என்ன செய்ய?

மாரிக்காற்று: சரி, உங்களிடம் பேசிப் பயனில்லை. வகுப்பறை, எவரெஸ்ட் 8,849 மீட்டர். அதற்குக் கயிறு எங்கே கட்டுவீர்கள்? குழந்தை மலையைப் பார்த்து மிரளட்டும், அதனோடு பேசட்டும், வேண்டுமானால் சண்டை போடட்டும். கவிதை அங்கேதான் தொடங்கும். எண்ணைக் கையில் கொடுத்தால் மிரட்சி போய்விடும்.

வகுப்பறை: மாடிப்படி ஏறவிடுவேன். மாடிக்கு 3 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 2,950 மாடி. நாலாவது மாடியில் மூச்சு வாங்கும்போது மீதியை நினைத்துப் பார்க்கட்டும். மிரட்சி தானாக வரும்.

மாரிக்காற்று: அது கணக்கு வகுப்பு. அந்தப் பெண்ணின் வரியில் 30 எங்கே என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

வகுப்பறை: கயிறு 30 மீட்டர். எத்தனை தடவை சொல்வது?

கடலோடி: 25 என்று வைத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.